கன்னியாகுமரிக்குக் கீழே சிவப்பா, நீலமா? நில அதிர்வுப் படத்தை எப்படி வாசிப்பது?

தோவாளை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பில் அலைகள் பாடம் முடிந்த கையோடு, பிள்ளைகள் ஒரு படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். இந்தியாவுக்கு அடியில் 150 கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று சிவப்பிலும் நீலத்திலும் தீட்டிய வரைபடம். தக்காணத்தின் நடுவில் நல்ல நீலம். தெற்கே வர வர வெளுத்து, நம் மாவட்டம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான சிவப்பாகிக் கடலுக்குள் வழிந்துவிடுகிறது. "டீச்சர், நமக்குக் கீழே நெருப்புக் குழம்பா?" என்று ஒருத்தி கேட்டாள். பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிச் சமாளிக்க எனக்கு மனமில்லை.

மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது. அதுவே 12,262 மீட்டர்தான். அப்படியிருக்க 150 கிலோமீட்டருக்குப் படம் எப்படி வந்தது? சிவப்பு என்றால் உருகிய பாறையா? மாவட்டம் முழுக்கக் குவாரிகளில் உடைக்கிறார்களே சார்னோகைட், அதுதான் அந்த ஆழம்வரை தொடர்கிறதா?

கடற்கரையோரத்திலிருந்து வரும் ஒரு மாணவன் தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறான். நமக்குத் தெற்கே கடல் 106 மீட்டர் பள்ளமாக இருக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறான். அவனுடைய அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். பயந்து கேட்கவில்லை, ஆசையாய்க் கேட்கிறான். விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

கடியப்பட்டணம்:

டீச்சர், மற்றதை வேளிமலை அண்ணாச்சி வந்து சொல்வார். அந்தப் பையனுக்கான பதிலை மட்டும் நான் எழுதுகிறேன். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன், இலங்கைக்குத் தெற்கே அந்தக் கடலைக் கடந்திருக்கிறேன். பள்ளம் இருப்பது உண்மை. ஆனால் கப்பலில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

பூமிக்கு ஒரு சீரான நீள்கோள வடிவத்தைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் அந்த வட்டாரத்தில் கடலின் சராசரி மட்டம் ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்து நிற்கிறது. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதனால் நீர் மற்ற இடங்களை நோக்கி இழுபட்டிருக்கிறது. சரிவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவிக் கிடப்பதால் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். அந்தச் சரிவில் தண்ணீர் ஓடவும் ஓடாது. ஈர்ப்பின் திசைக்குச் செங்குத்தாக நிற்கிற பரப்புதான் அது. ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவிலேயே நிற்கும். வள்ளமோ விசைப்படகோ கப்பலோ, எதற்கும் அதனால் ஆபத்தில்லை என்று பையனின் அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள்.

காரணத்தைப் பற்றி 2023 இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 14 கோடி ஆண்டுகளாகத் தட்டுகள் நகர்ந்த விதத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். பழைய டெத்திஸ் கடலின் தரை பூமிக்குள் மூழ்கி அடிவரை இறங்கியபோது, ஆப்பிரிக்காவுக்குக் கீழே இருக்கும் சூடான பெருந்திரளை அது கலைத்துவிட்டது; அதிலிருந்து எழுந்த இலேசான பொருள் இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் வந்து பரவியிருக்கிறது; எடை குறைந்த அந்தப் பொருளால்தான் ஈர்ப்பும் குறைவு என்பது அவர்கள் முடிவு. பிள்ளைகளின் படத்தில் கடலுக்குள் சிவப்பு வழிவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். அதை அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்.

வேளிமலை:

டீச்சர், பிள்ளைகள் அந்தப் படத்தைக் கேள்வி கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். நான் விஞ்ஞானி இல்லை. நில அதிர்வுமானிகளைக் கொண்டுபோய் நட்டு, பராமரித்து, பதிவுகளை எடுத்துவரும் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே கருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

அது போட்டோ இல்லை. எந்த ஒளியும் அங்கே போய்த் திரும்பி வரவில்லை. ஜப்பானில் பெரிய நிலநடுக்கம் என்று வையுங்கள். நாகர்கோவிலுக்கு அங்கிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். பத்தரை நிமிடத்தில் முதன்மை அலையான பி அலை வந்து சேரும். வளைந்து பூமிக்குள் 1,500 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, மறுபடி மேலேறி, நம் காலடிக்குச் செங்குத்துக்குச் சற்றுச் சாய்ந்தாற்போல் வரும். எட்டரை நிமிடம் கழித்து, அதைவிட மெதுவான இரண்டாம் அலையான எஸ் அலை. அரை மணி நேரம் ஆகும்போது நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி நீண்ட பரப்பலைகள் உருண்டு வரும். அந்த நேரம் தோவாளைச் சந்தையில் பூக்கட்டிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. கருவிக்குத் தெரியும்.

நிலையம் அமைக்க மண்ணில் குழி வெட்டினால் மட்டும் போதாது. மேலே இருக்கும் மக்கிய பாறையைக் கொத்தி எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டும்போது 'டங்'கென்று சத்தம் வரும்வரை போக வேண்டும். அந்தக் கல்லின் மேல் சிமெண்ட் மேடை போட்டு, காய்ந்த பிறகு கருவியை மூன்று காலில் நிறுத்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வடக்கைக் குறிக்கக் காந்த ஊசி ஆகாது, உண்மை வடக்கு வேண்டும். பிறகு உள்ளே தொங்கும் எடையின் பூட்டைத் திறந்துவிட்டு, அது நடுவில் வந்து அமர்கிறதா என்று காத்திருக்க வேண்டும். வெயிலும் பனியும் தாக்காமல் தெர்மாகோல் பெட்டியால் மூடி, ஜிபிஎஸ் கடிகாரத்தோடு இணைத்து, சோலார் தகடும் பேட்டரியும் வைத்து மண்ணால் அணைத்துவிட வேண்டும். இதில் கடிகாரம்தான் உயிர். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். பாறைக்குக் குறைவில்லை, அமைதிக்குத்தான் குறைவு. தென்னந்தோப்பில் வைத்தால் ஆடி மாதக் காற்றில் வேரோடு நிலமும் அசைகிறது. ரப்பர் தோட்டத்திலும் அப்படியே. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளின் அதிர்வு கோபுரத்தின் வழியே தரைக்குள் இறங்கி, வினாடிக்குச் சில துடிப்புகளாகப் பரவும். மூன்று பக்கமும் கடல் வேறு. அலைகள் மோதுவதால் ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை நிலம் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் பதிவுத்தாளே தடித்துப்போகும்.

இப்போது படத்துக்கு வருகிறேன். 1991 இல் வெளியான ஐஏஎஸ்பி91 போன்ற அட்டவணைகள், இத்தனை தூரத்துக்கு பி அலை இத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்று சொல்லும். உண்மையில் வந்த நேரம் அதிலிருந்து கொஞ்சம் விலகும். எவ்வளவு என்று பாருங்கள். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் பாறை அடுக்கைக் கவசம் என்பார்கள். அதன் மேல்பகுதியில் பி அலை வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் போகிறது. 200 கிலோமீட்டரைக் கடக்க 25 வினாடி. வழியில் பாறை இரண்டு சதவீதம் வேகமானதாக இருந்தால் அரை வினாடி முன்னால் வந்துவிடும். அந்த அரை வினாடியைத்தான் நீலமாகத் தீட்டுகிறார்கள். கடிகாரம் அரை வினாடி பிசகினால் இல்லாத ஒரு கண்டத்தையே வரைந்துவிடலாம்.

ஒரே ஒரு தாமதத்தை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது. களியக்காவிளையில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்கள். நாகர்கோவில் பஸ் தாமதம். தக்கலையில் நெரிசலா, மார்த்தாண்டத்தில் நெரிசலா? தெரியாது. குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் வழியாக வருகிற பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால், மார்த்தாண்டம் சுத்தம். சிக்கல் தக்கலைப் பக்கம். பாதைகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒன்றையொன்று வெட்டினால்தான் இடம் பிடிபடும். டோமோகிராபி என்பது ஆயிரக்கணக்கான அலைப்பாதைகளை வைத்து இந்தக் கணக்கைப் போடுவதுதான்.

அமெரிக்காவில் இதற்காகவே யுஎஸ்அரே என்ற திட்டத்தில் சுமார் 400 கருவிகளை 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்து, 2004 முதல் 2015 வரை பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரை வரை நகர்த்திக்கொண்டே போனார்கள். அந்த நெருக்கத்தில் வைத்தாலும் மூன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு கருவிதான் வரும். கருவிகளுக்கு இடையே அவ்வளவு தூரம் இருக்கும்போது மேல் ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் இருப்பதைச் செங்குத்தாக ஏறிவரும் அலைகளால் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே பாதைகள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

நம் சிவப்புக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நாம் இருப்பது படத்தின் ஓரம். நமக்குத் தெற்கே கடலில் கருவிகள் மிகக் குறைவு. நமக்கு வரும் நல்ல நிலநடுக்கங்களில் பெரும்பாலானவை இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கத்திலிருந்து வருகின்றன. கிழக்கிலிருந்து சாய்வாக ஏறும் பாதைகள். தெற்கிலிருந்து வருபவை குறைவு. அதனால் எங்கோ இருக்கிற ஒரு மெதுவான பகுதி, பாதையின் வழியே இழுபட்டு, நமக்குக் கீழே நீளமாகத் தீற்றிவிடும். கடலுக்கடியில் சூடான பொருள் இருப்பதாகப் பால், கோஷ் ஆய்வு சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஆதாரமாக இருப்பவை உலகளாவிய படங்கள். ஆயிரம் கிலோமீட்டர் அளவில் பேசுபவை. அதைக் கொண்டுவந்து ஒரு மாவட்டத்தின் அடியில் ஒட்டக்கூடாது.

இன்னொன்றையும் வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். சிவப்பு என்பது "சராசரியைவிட மெதுவாக" என்று மட்டும்தான் பொருள். எந்தச் சராசரி என்று படத்துக்குப் படம் மாறும். கர்நாடகத்தின் தார்வார் போன்ற பழைய, குளிர்ந்த, வேகமான பாறைப் பகுதியைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், சாதாரணமான இடம்கூடச் சிவந்துதான் தெரியும். வெப்பம் 100 டிகிரி கூடினால் அலையின் வேகம் சுமார் ஒரு சதவீதம் குறையும். அதனால் சிவப்பு பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் சூடான, திடமான பாறைதான். எஸ் அலை திரவத்துக்குள் போகாது. அந்தச் சிவப்புப் பகுதி வழியாக அது தாராளமாக வருகிறது. நெருப்புக் குழம்பு இல்லை என்று அந்தப் பெண்ணிடம் தைரியமாகச் சொல்லலாம். தட்டச்சில் கை வலிக்கிறது. சார்னோகைட் கேள்விக்கு யாராவது வாருங்கள்.

சுசீந்திரம் மாணவன்:

அண்ணாச்சி சொன்னதோடு சேர்த்து, சார்னோகைட் கேள்விக்கு என்னால் முடிந்தது. முனைவர் பட்டத்துக்கு இந்தப் பாறைகளைத்தான் படிக்கிறேன்.

டீச்சர், மருத்துவாழ்மலையில் கையில் எடுக்கிற கல் 150 கிலோமீட்டர் வரை தொடராது. அது மேலோட்டுப் பாறை. தென்னிந்தியாவில் மேலோடு பெரும்பாலும் 35 முதல் 45 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. 1909 இல் குரோஷியாவின் மோஹோரோவிசிச் கண்ட எல்லை அது, சுருக்கமாக மோஹோ. அதற்குக் கீழே கவசம். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த, பச்சைநிற ஆலிவின் நிறைந்த பாறை. ஆனால் நம் கல்லுக்கு வேறொரு பெருமை உண்டு. நம் சார்னோகைட்டும் கோண்டலைட்டும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டிக்கொண்ட காலத்தில், 20 கிலோமீட்டருக்கும் கீழே 800 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வெந்தவை. மேலிருந்தது எல்லாம் அரித்துப் போனபிறகு இன்று வெயிலில் நிற்கின்றன. மணவாளக்குறிச்சி மணலில் மின்னும் கார்னெட்டும் மோனசைட்டும் இந்தப் பாறைகள் உதிர்ந்து வந்தவை. ஆழத்து மேலோடு எப்படி இருக்கும் என்று பார்க்க மற்றவர்கள் படம் வரைகிறார்கள். நாம் குலசேகரம் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தொட்டுப் பார்க்கலாம்.

தோவாளை ஆசிரியை:

மனம் நிறைந்த நன்றி. வேளிமலை அண்ணாச்சி, களியக்காவிளை பஸ் கணக்கை நாளைக்கே கரும்பலகையில் போடுகிறேன்.

ஒரு சந்தேகம். மேலோடும் அதோடு ஒட்டிய கடினமான மேல் கவசமும் சேர்ந்த பாறைக்கோளம் எங்கே முடிகிறது? இந்தியாவின் பாறைக்கோளம் 100 கிலோமீட்டர்தான் என்று ஓரிடத்தில் வாசித்தேன். 200 என்று இன்னோரிடத்தில். அலைகளின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது என்றால், இரண்டு மடங்கு வித்தியாசம் எப்படி வருகிறது?

சுசீந்திரம் மாணவன்:

100 என்ற எண் 2007 இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையிலிருந்து வந்தது. பிரகாஷ் குமாரும் ஹைதராபாத், ஜெர்மனி விஞ்ஞானிகளும் சேர்ந்து எழுதியது. கோண்டுவானாவிலிருந்து பிரிந்த மற்றத் துண்டுகளுக்கு 180 முதல் 300 கிலோமீட்டர் தடிமன் இருக்க, இந்தியாவுக்கு மட்டும் ஏறத்தாழ 100 தான் என்றார்கள். கண்டத்தின் அடியில் தடித்துக் கிடக்கும் குளிர்ந்த பாறையை வேர் என்பார்கள். கண்டம் உடைந்தபோது அடியிலிருந்து எழுந்த சூடு அந்த வேரை உருக்கிவிட்டது. வேர் இல்லாததால்தான் இந்தியா ஆண்டுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே விரைந்தது என்பது அவர்கள் வாதம். இப்போது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான்.

அவர்கள் பார்த்தது வேகத்தை அல்ல, எல்லையை. ஓர் அலை எல்லையில் மோதும்போது அதன் ஒரு பகுதி மற்றொரு வகை அலையாக மாறும். பி அலை மோஹோ எல்லையில் எஸ் ஆக மாறினால் நான்கைந்து வினாடி பின்தங்கி வரும். அதை வைத்து மேலோட்டின் தடிமனைச் சொல்லலாம். 100, 150 கிலோமீட்டர் எல்லையில் மாறினால் பத்து முதல் பதினாறு வினாடி பின்னால் வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், மேலோட்டுக்குள்ளேயே மேலும் கீழும் மோதித் திரும்பும் எதிரொலிகளும் அதே சமயத்தில் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. ஆகவே எஸ் அலையைப் பிடித்தார்கள். எஸ் அலை ஆழத்து எல்லையில் பி ஆக மாறினால், மீதித் தூரத்தை வேகமாக ஓடி, தாய் அலைக்கு முன்னாலேயே வந்துவிடும். எதிரொலிகள் எல்லாம் தாய் அலைக்குப் பின்னால்தான். முன்பக்கம் சுத்தமாக இருக்கும். எனக்கு இந்த யோசனை அவ்வளவு பிடிக்கும்.

மறுபக்கம், பரப்பலைகளை வைத்துச் செய்த சில ஆய்வுகள் தார்வாருக்குக் கீழே தடித்த வேரைக் காட்டுகின்றன. 50 வினாடிக்கு மேல் நீண்ட பரப்பலைகள்தான் அந்த ஆழத்தைத் தொடும். அவற்றுக்குக் கூர்மையான எல்லை தெரியாது, வேகம் படிப்படியாக மாறுவது தெரியும். அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூர் கிம்பர்லைட் பாறைகளும் சாட்சி சொல்கின்றன. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை வைரத்தைச் சுமந்து மேலே வந்தபோது, வைரம் உருவாகத் தேவையான 150 கிலோமீட்டர் ஆழத்திலும் குளிர்ந்த வேர் இருந்திருக்க வேண்டும். அது இன்னும் இருக்கிறதா, இடையில் அழிந்ததா என்பதுதான் சண்டை. 100 கிலோமீட்டரில் தெரிந்த எல்லை பாறைக்கோளத்தின் அடிப்பகுதி அல்ல, அதன் நடுவில் ஓடும் ஒரு மாற்றம் என்று சொல்வோரும் உண்டு. வட அமெரிக்காவின் பழைய நிலப்பகுதியிலும் அப்படி நடுவில் ஓர் எல்லை தெரிகிறது. நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

வேளிமலை:

தம்பி, நன்றாக எழுதினீர்கள். ஆனால் தார்வாருக்குச் சொன்னதை அச்சன்கோவிலுக்குத் தெற்கே இழுக்காதீர்கள். தார்வார் 250 கோடி ஆண்டைத் தாண்டிய நிலம். நம் பக்கம் 55 கோடி ஆண்டுக்கு முன் மறுபடி வெந்த நிலம். வேர் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதற்கு நம் முனையிலும் இலங்கையிலும் இடைப்பட்ட கடற்தரையிலும் சேர்த்துக் கருவிகள் வேண்டும். மன்னார் வளைகுடாவை ஓட்டையாக விட்டுவிட்டுத் தென்முனையைப் படம் பிடித்தோம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கடல் இரைச்சலையே பயன்படுத்தலாம் என்பது இன்னொரு வழி. இரண்டு நிலையங்களில் பதிவான இரைச்சலை நீண்ட காலத்துக்கு ஒப்பிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பரப்பலை தானாகப் பிரிந்து வரும். 2005 இல் கலிபோர்னியாவில் இப்படிப் படம் வரைந்தார்கள். மேலோட்டுக்கு அது அருமையான வழி. அலையடிக்கும் நம் ஊரைவிட அதற்குத் தோதான இடம் ஏது?

டீச்சர், பிள்ளைகள் சும்மா கேட்டுவிட்டுப் போகக்கூடாது, கையால் செய்யட்டும். இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகல நிலையம் இருக்கிறது; நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர். ஹைதராபாத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. இரண்டின் பதிவுகளும் உலகத்துக்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே நிலநடுக்கத்தை இரண்டிலும் எடுத்து, பி அலை வந்த நேரத்தைக் குறித்து, தூரத்துக்கு ஏற்ற அட்டவணை நேரத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். மீதம் வருவதுதான் அந்தப் படத்தின் மூலப்பொருள். ஜப்பான், பிலிப்பைன்ஸ், நியூகினி, இந்துகுஷ் என்று திசை மாற்றி மாற்றிச் செய்யட்டும். இரு நிலையங்களுக்கும் இடையிலான வித்தியாசம் திசை எதுவானாலும் ஒரே அளவில் நின்றால் காரணம் நிலையத்துக்கு நேர் கீழே, ஆழம் குறைவாக இருக்கிறது. திசைக்குத் திசை மாறினால் ஆழத்தில் பக்கவாட்டில் இருக்கிறது, அல்லது வழியிலேயே எங்கோ இருக்கிறது.

ஒரு ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகளை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டால் பி அலையின் தொடக்கம் கண்ணுக்குத் தெளியும். ஜூன் முதல் செப்டம்பர் வரைக் கடல் இரைச்சல் கூடுதல் என்பதால், முதலில் ஜனவரி, பிப்ரவரிப் பதிவுகளைக் கொடுங்கள். 6.5 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கமாகத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைகளுக்குத் தேட வேண்டிய சிரமம் இருக்காது.